அஞ்சம்மாள் கிணற்றில் எடுத்த ரீடிங்

கீழ்வேளூர் தாசில்தார் அலுவலகத்தில் நடந்த சமாதானப் பேச்சுவார்த்தைக்கு என்னை அனுப்பியபோது, நிலத்தடி நீர்ப் பிரிவில் நான் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வா, நீயாக எதுவும் பேசாதே என்று மேலதிகாரி சொல்லித்தான் அனுப்பினார்.

பக்கத்து ஊரில் குடிநீர் பாட்டில் கம்பெனி ஒன்று தொடங்கியிருந்தார்கள். பழைய பண்ணை நிலத்தில் மிச்சமிருந்த மேட்டை வாங்கி, ஆழமாக போர் போட்டிருந்தார்கள். அந்தப் பண்ணையில் கூலிக்கு நட்டவர்களுக்கு நில உச்சவரம்புச் சட்டத்தில் கிடைத்த வயல்கள் சுற்றிலும் இருந்தன. மனு கொடுத்தவர்கள் அவர்கள்தான். புகார் இரண்டு. காலி பாட்டில்கள் வாய்க்கால் மதகில் அடைத்துக்கொள்கின்றன. கிணறுகளில் தண்ணீர் இறங்கி உப்புக் கரிக்கிறது.

முதல் புகாருக்கு கம்பெனி மேனேஜர் நன்றாகத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். காலி பாட்டிலை நசுக்கி, துருவி, உருக்கி, நூலாகவே இழுக்கலாம் என்று சொல்லி, அப்படி நெய்த துணி ஒன்றை மேசைமேல் வைத்தார். எல்லோரும் தடவிப் பார்த்தோம். பாட்டில் துணியாகும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அதற்குப் பிறகு பிளாஸ்டிக் பற்றியே ஒரு மணி நேரம் பேச்சு. சேகரிக்க ஆள் யார், மூட்டை எங்கே வைப்பது, மதகை யார் சுத்தம் செய்வது. தண்ணீர்ப் புகாரை எல்லோருமே மறந்துவிட்டது போலிருந்தது.

அப்போதுதான் அஞ்சம்மாள் எழுந்தார். ஐம்பது வயதிருக்கும். இரண்டு மா நிலமும் ஓர் உறைகிணறும் அவருக்கு இருந்தன. கம்பெனிக்கு மிக அருகில் இருந்தது அவர் கிணறுதான்.

"பாட்டிலைத் திரும்ப எடுத்துக்குறோம்னு சொல்றீங்க, சரிங்க. அதுல புடிச்சு அனுப்புன தண்ணிய யாரு திரும்பக் கொண்டாந்து விடுவா?"

தாசில்தார் என் பக்கம் திரும்பினார். டெஸ்ட் பண்ணி எழுதிக் கொடுங்கம்மா என்றார்.

பம்பிங் டெஸ்ட் என்பது எளிமையான வேலை. முதல் நாள் மாலையிலிருந்து போர் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். பக்கத்துக் கிணற்றிலும் யாரும் இறைக்கக் கூடாது. மறுநாள் காலை மோட்டாரை ஓடவிட்டு, அரை மணிக்கு ஒரு தடவை கிணற்றின் நீர்மட்டத்தை அளக்க வேண்டும். இரும்பு டேப்பின் நுனியில் சாக்பீஸ் தேய்த்து இறக்கினால், தண்ணீர் பட்ட இடம்வரை நிறம் மாறியிருக்கும். அதுதான் ரீடிங்.

உண்மையைச் சொல்கிறேன், முடிவு என்ன என்று எனக்கு முன்பே தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். கம்பெனி போர் ஆழம். கிணறு மேலாக இருக்கிறது. நடுவில் கனமான களிமண் அடுக்கு. அதைத் தாண்டி மேல் தண்ணீர் கீழே போகாது என்று படித்திருந்தேன். 'பாதிப்பு இல்லை' என்ற வாக்கியத்தை ஜீப்பில் வரும்போதே மனதுக்குள் எழுதி வைத்துவிட்டேன்.

மூன்று மணி நேரம் அளந்தேன். ஒரு நூல்கூட இறங்கவில்லை. மேனேஜர் எனக்கும் டிரைவருக்கும் பாட்டில் தண்ணீர் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். இதற்குமேல் பார்க்க என்ன இருக்கிறது என்று அவர் கேட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. டேப்பைச் சுருட்டத் தொடங்கினேன்.

"மேடம், இந்த மோட்டார் தெனம் காலையிலேருந்து பொழுது சாயுற வரைக்கும் ஓடுது" என்றார் அஞ்சம்மாள். "நீங்க மூணு மணி நேரம் பாத்துட்டு கெளம்புனா எப்படி?"

அவர் குரலில் கோபம் இல்லை. நேற்று மாலையிலிருந்து அவர் வீட்டில் யாரும் அந்தக் கிணற்றில் ஒரு குடம்கூட மொள்ளவில்லை. குடிக்கவும் சமைக்கவும் தெருக்கோடி கைபம்பிலிருந்து சுமந்து வந்திருந்தார்கள். டிரைவரை அலுவலகத்துக்கு போன் பண்ணிச் சொல்லிவிட்டு வரச் சொன்னேன். மறுபடியும் டேப்பைப் பிரித்தேன்.

மதியத்துக்கு மேல் சாக்பீஸ் கோடு ஒரு விரல் அகலம் மாறியது. என் கைதான் தவறிவிட்டது என்று நினைத்தேன். துடைத்துவிட்டு மறுபடி தேய்த்து இறக்கினேன். அதே ரீடிங். அடுத்த அரை மணியில் இரண்டு விரல். அதற்கடுத்து இன்னும் கொஞ்சம். கிணற்றில் வாளி இல்லை, கயிறு இல்லை. தண்ணீரில் ஒரு சலனம்கூட இல்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஓடுகிற மோட்டார், நான் கடக்கவே முடியாது என்று நம்பிய களிமண்ணின் வழியாக, இந்தக் கிணற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. உப்பு அளக்கும் மீட்டரை இறக்கிப் பார்த்தேன். காலையில் இருந்ததைவிட உப்பும் ஏறத் தொடங்கியிருந்தது. புத்தகத்தில் கோடு போட்டுப் பிரித்து வைத்திருந்த அடுக்குகள் மண்ணுக்குள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தன.

மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். ரீடிங் தாளில் மறுக்காமல் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் மோட்டாரை நிறுத்தினோம். தெருவே கிணற்றைச் சுற்றி நின்றது. அரை மணி கழித்து டேப்பை எடுத்தேன்.

"ஏறுதுங்களா?" என்று கேட்டார் அஞ்சம்மாள்.

"ஏறுதுங்க."

கோயிலில் திரை விலகும்போது பார்ப்பது போல எல்லோரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். நானும்தான்.

அறிக்கையில் 'பாதிப்பு உண்டு' என்று எழுதினேன். மோட்டார் ஓடும் நேரத்தைத் தாசில்தார் பாதியாகக் குறைத்தார். பிரச்சினை முழுக்கத் தீர்ந்துவிடவில்லை. கோடையில் உப்பு இருந்துகொண்டுதான் இருந்தது. என்றாலும் அந்தக் கிணறு வற்றவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். போர் போட்டவர்கள் எவ்வளவு நேரம் இறைக்கிறார்களோ, அவ்வளவு நேரமும் கிணற்றடியில் நில்லுங்கள்.