யாரும் இறங்காமல் ஒரு ஏற்றம்

எங்கள் காருக்கு மூச்சுத் திணறல் என்று கண்டுபிடித்தவர் அப்பா. பட்டாளத்தில் வண்டிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் இருந்தவர். லீவில் எங்கள் ஊர் இலஞ்சிக்கு வந்தால் சொந்தக்காரர்களைவிட அவர்கள் வீட்டு வண்டிகளைத்தான் அதிகம் நலம் விசாரிப்பார். புளியங்குடியில் ஒரு எலுமிச்சை கமிஷன் கடைக்காரரிடம் வாங்கிய எங்கள் பழைய வெள்ளைக் கார் சமதரையில் ராஜநடை போடும். ஏற்றத்தைக் கண்டால் அதற்குக் கை கால் ஓடாது.

ஒவ்வொரு லீவிலும் பண்பொழி திருமலைக் கோவிலுக்குக் குடும்பத்தோடு போவோம். மலைப்பாதையில் செங்குத்தாக ஒரு வளைவு உண்டு. அங்கே வந்ததும் கார் உறுமும், நடுங்கும், பிறகு நின்றுவிடும். முன் சீட்டில் இருக்கும் பெரியப்பா எல்லாரையும் இறங்கச் சொல்லுவார். என்னவோ அவர் உத்தரவு போட்டுத்தான் கார் நின்றது போல இருக்கும். நாங்கள் இறங்கி நடப்போம், அப்பா காரை மேலே கொண்டுபோய் நிறுத்திக் காத்திருப்பார். குரங்கு பார்த்துக்கொண்டே நடக்கலாம் என்பதால் எனக்கு இதில் ஒரு குறையும் இல்லை.

இறங்காமல் இருப்பவர் அத்தை மட்டும்தான். அப்பாவுக்கு அக்கா, பெரியப்பாவுக்குத் தங்கை. போலியோவில் இடது கால் சூம்பிப்போய், ஊன்றுகோலோடு நடப்பவர். எங்கள் வீட்டிலேயே இருந்து ஊருக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுத்தார். நாங்கள் இறங்கும்போது பெரியப்பா அவரை மட்டும் கைகாட்டி உட்காரச் சொல்லிவிடுவார். மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் கார் கண்ணாடி வழியாக அத்தையை எட்டிப் பார்ப்பார்கள். ஒருமுறை யாரோ ஒரு அம்மாள் கையை உள்ளே நீட்டி, கேட்காமலேயே அத்தையின் காலில் திருநீறு பூசிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அத்தை கோவிலுக்கு வருவதை விட்டுவிட்டார். கேட்டால் தைக்கிற துணி நிறையக் கிடக்கிறது என்பார்.

அந்த வருடம் சாரல் தொடங்கிய சமயத்தில் லீவில் வந்த அப்பா, இந்தத் தடவை அக்கா வருவாள், வளைவில் யாரும் இறங்கமாட்டோம் என்று சொல்லிவிட்டுக் காரின் முன்மூடியைத் திறந்தார்.

இன்ஜினுக்குப் பக்கத்திலிருந்து கை போலக் கிளை பிரிந்த ஒரு இரும்புக் குழாயைக் கழற்றினார். மேனிபோல்டு என்றார். காற்றும் பெட்ரோலும் கலந்து இது வழியாகத்தான் இன்ஜினுக்குள் போகுமாம். இரும்பைக் காய்ச்சி வார்த்தபோது உள்ளே நின்றுபோன மேடும் பிசிறும் அப்படியே இருந்தன. போதாததற்குக் குழாயின் வாயும் இன்ஜினின் வாயும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவில்லை. எவ்வளவு பொருந்தவில்லை என்று பார்க்க, அம்மாவின் குங்குமத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து இன்ஜினின் வாயைச் சுற்றித் தடவி, குழாயை அதன்மேல் வைத்து அழுத்தி எடுத்தார். குழாயின் வாயில் எந்த இடத்தில் இரும்பு வழியை மறிக்கிறதோ அந்த இடத்தில் மட்டும் சிவப்பு ஒட்டவில்லை. சிமிழ் பாதி காலியானதில் அம்மாவுக்கு வருத்தம்தான். ஆனால் முருகனைப் பார்க்கப் போகிற கார் என்பதால் விட்டுவிட்டாள்.

வெளி ஓரத்தை அப்பா அரத்தால் ராவிவிட்டார். உள்ளே வளைந்துபோகிற இடத்துக்கு அவர் விரல் போகவில்லை. அத்தை தையல் மிஷினை விட்டு எழுந்து வந்து குழாயை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். உப்புத்தாளை விரலில் சுற்றி உள்ளே விட்டுத் தேய்த்தார். பிறகு கண்ணை மூடித் தடவிப் பார்த்தார். இங்கன ஒரு மேடு இருக்குலே என்பார், மறுபடி தேய்ப்பார். சாரல் பெய்துகொண்டே இருந்தது, அத்தையும் பல நாள் தேய்த்துக்கொண்டே இருந்தார். ரவிக்கைக்குச் சொன்ன பெண்கள் வந்து வந்து திரும்பிப் போனார்கள். கடைசியில் குழாய்க்கும் இன்ஜினுக்கும் நடுவில் வைக்கிற அட்டையையும் அத்தைதான் தன் கத்தரியால் வெட்டினார். ரவிக்கைக்குக் கழுத்து வெட்டுகிற கை, ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

பெரியப்பா வந்து பார்த்தார். "குழாயத் தேச்சா வண்டி மலை ஏறிருமாலே?" என்று அப்பாவைக் கேட்டுவிட்டு, இறங்கி நடக்கத் தோதாக நல்ல செருப்பாகப் போட்டு வரப்போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

குழாயை மறுபடி மாட்டி, குற்றால ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது கார் சீறிக்கொண்டு போனது. எங்கள் வகுப்பில் அதற்குள் நான் அதை ரேஸ் காராகவே ஆக்கியிருந்தேன். மலை ஏறி முடித்ததும் வந்து சொல்வதாகவும் வாக்குக் கொடுத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் கிளம்பினோம். அத்தை புதுச்சேலை கட்டியிருந்தார். வளைவு நெருங்கியது. கார் உறுமியது, ஆனால் நடுங்கவில்லை. பெரியப்பா வழக்கம்போலக் கதவில் கை வைத்தார். அப்போதுதான் அத்தை, "ஏலே தம்பி, நிறுத்து" என்றார்.

அப்பா நிறுத்தினார். அத்தை ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு இறங்கினார். அம்மா பின்னாலேயே இறங்கப் போனாள்.

"யாரும் இறங்காண்டாம்," என்றார் அத்தை. "எல்லாரும் உள்ளயே இருங்க. நான் இங்கன நின்னு பாக்கணும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. யாரும் இறங்காமல் ஏறினோம் என்று வகுப்பில் எப்படிச் சொல்வேன்? போதாததற்கு, நடு ஏற்றத்தில் நின்ற காரை நான்கு பேரோடு மறுபடி கிளப்புவது ஓடுகிற ஓட்டத்தில் ஏறுவதைவிடக் கஷ்டம். அப்பா கியரைப் போட்டார். கார் ஒரு விரல்கடை பின்னால் போனது. பெரியப்பா முருகா என்றார். பிறகு அது மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு கிளம்பி, வளைவைச் சுற்றி, ஒரே சீராக மேலே ஏறிவிட்டது. பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அத்தை ரோட்டோரத்தில் சாரலில் நனைந்தபடி, எங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். மலையிலிருந்து இறங்கி வந்தவர்களும் அவர் பக்கத்தில் நின்று காரைத்தான் பார்த்தார்கள்.

கொஞ்சம் சமமாக இருந்த இடத்தில் அப்பா நிறுத்தினார். அத்தை நடந்து வந்து சேர நேரமாயிற்று. போய்க் கூட்டி வருகிறேன் என்ற அம்மாவை அப்பா விடவில்லை. அத்தை கார் பக்கத்தில் வந்ததும் பெரியப்பா கதவைத் திறந்தார். பிறகு இறங்கி, முன் சீட்டை அத்தைக்கு விட்டுவிட்டு எங்களோடு பின்னால் வந்து நெருக்கிக்கொண்டார்.

நான் மட்டும் விடவில்லை.

"ஏன் அத்தை இறங்குனிய? பயமா?"

"பயம் என்னட்டி. ஏறுததப் பாக்க வெளிய ஒரு ஆள் வேணும்லா?"

"அதுக்குப் பெரியப்பாவ இறக்கி விட்டிருக்கலாம்லா. பாரமும் கொறஞ்சிருக்கும்."

முதலில் சிரித்தது பெரியப்பாதான். அப்பா ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. காரை எடுக்கவே வெகுநேரம் ஆயிற்று. பட்டாளத்து மனிதரையே இப்படிக் கண்ணீர் வரும்வரை சிரிக்க வைத்துவிட்டேனே என்ற பெருமையில், மறுநாள் பள்ளிக்கூடத்தில் காரை மறந்து அந்த ஜோக்கைத்தான் எல்லாரிடமும் சொன்னேன். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அவர்களுக்கு விவரம் போதாது என்று நினைத்துக்கொண்டேன்.