வாசல்படி இல்லாத வீடு

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவர் கை பட்டுத்தான் ஓடுகிறது. ஆனால் அவர் லிஃப்டில் ஏறிப் போய் நான் பார்த்ததே இல்லை. ஏன் அத்தான் என்று ஒருமுறை கேட்டேன். “ஓடுற லிஃப்டுக்கு என்னை யாரும்மா கூப்பிடப் போறாங்க?” என்றார். நியாயம்தான். நின்றுபோன லிஃப்டுக்குத்தான் அவரைக் கூப்பிடுவார்கள். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எத்தனை மாடியானாலும் படியேறியே போவார். ஏறி ஏறி, படி என்று ஒன்று இருப்பதே அவர் கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தது. நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம் என்று நான் சொல்வேன். அக்கா ஒத்துக்கொள்ள மாட்டாள்.

அப்போது அவர்கள் குடியிருந்தது நாலாவது மாடியில். அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. விளக்கடியில் இருட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? ஒரே மகள். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவள் இரண்டு கால்களையும் கொண்டுபோய்விட்டது. பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ, அத்தான்தான் தூக்கிக்கொண்டு இறங்குவார். அவர் வேலைக்குப் போய்விட்டால் அவளுக்கு ஜன்னல்தான் உலகம். கீழே விளையாடும் பிள்ளைகளுக்கு யார் அவுட், யார் அவுட் இல்லை என்று மேலேயிருந்து தீர்ப்புச் சொல்வாள். அவள் சொன்னால் மறுபேச்சு இருக்காது. அதனால் அவளுக்கு அம்பயர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. நாங்களும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

எப்படியாவது தரையோடு தரையாக ஒரு வீடு வாங்கிவிட வேண்டும் என்று அத்தான் ஒற்றைக் காலில் நின்றார். மகள் யாரையும் கூப்பிடாமல் தானே வாசலுக்கு வர வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். நகரத்துக்குள் அப்படி ஒரு வீடு நமக்குக் கட்டுப்படியாகாது. எனவே ரயில் பாதையோரமாகவே ஒவ்வொரு கிராமமாகத் தேட ஆரம்பித்தார். காலையில் வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிற தூரமாக இருந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமையானால் டேப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். கூட அம்பயர், அக்கா, பல நாள் நானும். மற்றவர்கள் வீடு பார்க்கப் போனால் காற்று வருமா, தண்ணீர் உப்பா என்று கேட்பார்கள். இவர் நேரே குளியலறைக்குப் போய்க் கதவின் அகலத்தை அளப்பார். மகளின் சக்கர நாற்காலி உள்ளே திரும்புமா என்று பார்ப்பார். ஒரு வீட்டில் எல்லாம் பிடித்திருந்தது, சமையலறை மட்டும் ஒரு படி கீழே இறங்கியிருந்தது. வேண்டாம் என்று வந்துவிட்டார். இந்த மனிதருக்குப் பெண் கொடுத்ததே பெரிது, வீடு வேறு யார் கொடுப்பார்கள் என்று நான் அக்காவைச் சீண்டுவேன்.

கடைசியில் ஒன்று அமைந்தது. மூன்று அறை, சிமெண்ட் போட்ட முற்றம், பின்னால் ஒரு எலுமிச்சை மரம். பள்ளிக்கூடம் அதே தெருவில். நாங்கள் போய்ப் பார்த்த அன்று ரயிலில் இருந்து இறங்கியதும் ஒரு நடைமேம்பாலம் ஏறி இறங்க வேண்டியிருந்தது. அத்தான் மகளை முதுகில் ஏற்றிக்கொண்டு பேசிக்கொண்டே ஏறினார். மடக்கிய நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் அவர் டேப் படாத மூலை இல்லை. அந்தப் பாலத்தை மட்டும் யாரும் அளக்கவில்லை. ஆனை போச்சு, வால் மாட்டிக்கிச்சு.

வாங்கிய கையோடு எல்லா வாசல்படிகளையும் செதுக்கித் தரையோடு சமமாக்கினார். சுவிட்சுகளை எல்லாம் இடுப்பளவுக்கு இறக்கினார். மின்வேலைக்கு வந்தவர் வீட்டில் எல்லாரும் குள்ளமா என்று கேட்டாராம். முதல் நாள் அம்பயர் வீடு முழுக்க, முற்றம் முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்தாள். சக்கரம் எங்கேயும் தட்டவில்லை, சத்தமே இல்லை. அத்தான் சுவரில் சாய்ந்து அழுதார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு சில வருடங்கள் நன்றாகவே போயின. பள்ளிக்கூடத்துக்கு அவளே போனாள், அவளே வந்தாள். மேற்படிப்பை வீட்டிலிருந்தபடியே முடித்தாள். பிறகு நகரத்தில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அங்கே சரிவுப் பாதை உண்டு, லிஃப்ட் உண்டு. ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. எல்லாம் சரி, போகிற ரயிலும் வருகிற ரயிலும் அந்தப் பக்கத்துப் பிளாட்ஃபாரத்தில்தான் நிற்கும். நடுவில் பாலம். சுற்றுவழியில் பஸ் உண்டுதான், அதன் முதல் படியே அவள் மடி உயரத்துக்கு நிற்கும். தினமும் கார் என்றால் அவள் சம்பளம் அதற்கே சரியாகப் போய்விடும்.

“நான் எதுக்கு இருக்கேன்?” என்றார் அத்தான். அவருக்கும் அதே ரயில்தான். தினமும் காலையில் வளர்ந்த பெண்ணை முதுகில் சுமந்து பாலம் ஏறினார். பின்னால் யாராவது நாற்காலியை எடுத்து வருவார்கள். ஜனங்கள் நல்லவர்கள்தான், ஒதுங்கி வழி விடுவார்கள். ஆனால் வழி விடும்போது பார்ப்பார்கள். அவள் கண்ணை மூடிக்கொள்வாள் என்று அக்கா சொன்னாள்.

ரயில்வே அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். பாலத்தில் லிஃப்ட் வைக்க இடம் இருக்கிறது, நானே போட்டுத் தருகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். பார்க்கலாம், பார்க்கலாம் என்றார்கள். இன்றைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஒரு மழைநாளில் அவளோடு பாலம் இறங்கும்போது அத்தானுக்குக் கால் வழுக்கியது. விழும்போதே தான் அடியில் போகும்படி உடம்பைத் திருப்பிக்கொண்டார். அவளுக்கு ஒரு கீறல் இல்லை. அவருக்கு முழங்கால் போய்விட்டது. அவர் படுத்திருந்த நாளெல்லாம் அவளும் வேலைக்குப் போகவில்லை.

கட்டுப் பிரித்த அன்று பார்க்கப் போயிருந்தேன். சமையலறையில் நாங்கள் இருக்கும்போதே அவள் சொல்லிவிட்டாள், அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் இடம் பார்த்தாகிவிட்டது என்று. அக்கா அடுப்பை அணைத்தாள். அத்தானுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

“இந்த வீட்டுல உனக்கு என்னம்மா குறை?”

“வீட்டுல ஒரு குறையும் இல்லப்பா. வீட்டை விட்டு வெளிய போகத்தான் முடியல.”

“நான் தூக்கிட்டுப் போறேனே. இன்னும் கொஞ்ச நாள்ல கால் சரியாயிடும்.”

“சரியாயிடும். அப்புறம் உங்களுக்குக் காய்ச்சல் வந்தா எனக்கும் லீவு. உங்களுக்கு வயசானா எனக்கும் லீவு.” நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். “அப்ப நாலு மாடி, இப்ப ஒரு பாலம். அவ்வளவுதாம்ப்பா வித்தியாசம்.”

அவள் தீர்ப்புச் சொன்னால் மறுபேச்சு கிடையாது என்பது சின்ன வயதிலிருந்து எங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதானே. எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. அவள் சொன்னதில் தப்பு இல்லை என்பதால் இன்னும் கோபம் வந்தது.

விடுதிக்குப் போய்விட்டாள். நன்றாக இருக்கிறாள், தோழிகளோடு சினிமாவுக்குப் போகிறாள். அந்த விடுதி லிஃப்டின் பராமரிப்பை அத்தான் கம்பெனியில் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் ஓடுவார். அந்த லிஃப்டுக்கு வைக்கிற எண்ணெயில் ஊருக்கே தலை சீவலாம்.

வீட்டில் இரண்டு பேர்தான். விளக்குப் போட, மின்விசிறி போட, எல்லாவற்றுக்கும் குனிகிறார்கள். அக்காவுக்கு இடுப்புவலி. சுவிட்சை மேலே ஏற்றிவிடுங்களேன் அத்தான் என்று சொல்லிவிட்டேன். “அவ வந்தா எட்ட வேணாமா?” என்று என் மேல் எரிந்து விழுந்தார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகைக் காரில் வந்தாள். நானும் போயிருந்தேன். அறை அறையாகச் சுற்றினாள், எல்லா சுவிட்சையும் ஒருமுறை போட்டு அணைத்தாள். சாப்பிட்டு முடிப்பதற்குள் டிரைவர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். கிளம்புகிறேன் என்றாள். இரும்மா, எலுமிச்சை பறித்துத் தருகிறேன் என்று அத்தான் காலை இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

பையோடு திரும்பியபோது கூடத்தில் அவள் இல்லை. அக்காவும் நானும் வாசலில் நின்றிருந்தோம். டிரைவர் அவளைத் தூக்கிக் காரில் உட்காரவைத்து, நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார். அத்தான் மெதுவாக வந்து வாசலில் நின்றார். படியைச் செதுக்கி எடுத்த இடத்தைக் குனிந்து பார்த்தார்.

“போற சத்தமே கேக்கல,” என்றார்.

பிறகு காருக்குப் போய், ஜன்னல் வழியாக எலுமிச்சம்பழப் பையை அவள் மடியில் வைத்தார்.