லேபர் ஆபீசில் மாதா கொடுத்த பதில்

மாதாவின் பிள்ளைகளே, நான் குருசுக்குப்பம் ஆரோக்கியமேரி. எனக்கு மெதுவாகப் பேச வராது. இதைச் சொல்லும்போது சத்தம் இன்னும் கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுனாமிக்கு அடுத்த ஆண்டு அது. கடல் என் கணவரின் படகை உடைத்துப் போட்டிருந்தது. புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஷூ தைக்கும் கம்பெனியில் நான் வாங்கிய சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. ஒரு திங்கட்கிழமை காலை வாட்ச்மேன் எங்களைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். "தையல் செக்‌ஷனையே மூடுறாங்கம்மா. யாரையும் உள்ள விடாதன்னுட்டாங்க." எனக்கு உயிரே போய்விட்டது. பிரசவ லீவில் இருந்த செல்விக்கும் வேலை இல்லையாம்!

நேராக மாதா சொரூபம் இருக்கும் கெபிக்குப் போய் விழுந்து அழுதேன். "அம்மா, என்னைப் பாதுகாத்தருளும்." சோறு பொங்கும்போதும் இதே ஜெபம், துணி துவைக்கும்போதும் இதே ஜெபம்.

எங்கள் போனஸ் தகராறு ஏற்கெனவே லேபர் ஆபீசில் இருந்தது. எங்கள் தொழிலாளர் சங்கத்துக்கு நான் பொருளாளர். அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போனபோது ஆபீசர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீங்க பாதுகாக்கப்பட்ட தொழிலாளிதானேம்மா?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. என் ஜெபத்தின் வார்த்தை அவர் வாயில்! "ஆமா சார்! மாதாதான் என்னப் பாதுகாக்கறாங்க!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், மேனேஜர் உட்பட.

ஆபீசருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. "மாதா பாத்துக்கட்டும்மா. சட்டத்துலயும் அதான் பேரு. நீங்க சங்க நிர்வாகி. தகராறு இங்க நடக்கும்போது, முன்கூட்டியே எங்கிட்ட அனுமதி வாங்காம உங்கள வேலைய விட்டு அனுப்ப முடியாது." பிறகு மேனேஜரிடம் திரும்பினார். "வாங்குனீங்களா?"

மேனேஜரின் சிரிப்பு நின்றது. "இந்தம்மாவ மட்டும் திரும்ப எடுத்துக்கறோம் சார்."

நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் செல்வியின் முகம் கண் முன்னே வந்தது. ஜெபமாலையில் நாம் 'எனக்காக' என்றா சொல்கிறோம்? 'எங்களுக்காக' என்றுதானே! அப்புறம் நான் மட்டும் ஏன் 'என்னை, என்னை' என்று கேட்டுக்கொண்டிருந்தேன்?

"அப்ப செல்வி, சார்? மத்தவங்க?"

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றினார். "பிரசவ லீவுல இருக்கறவங்கள எப்படி நிறுத்துனீங்க? இத்தன பேர அனுப்ப கவர்ன்மெண்ட் அனுமதி எங்க?" மேனேஜர் தண்ணீர் கேட்டார்.

அடுத்த வாரமே எல்லோரும் வேலையில்! "மாதா பாதுகாக்கறவங்க எல்லாம் வாங்க, வாங்க" என்று கிண்டலடித்துக்கொண்டே அதே வாட்ச்மேன் கேட்டைத் திறந்தார். லீவு முடிந்து செல்வியும் வந்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஜெபத்தில் 'என்னை' கிடையாது. அன்பானவர்களே, நீங்களும் நம்பிக் கேளுங்கள். கெபியில் கேட்டதை ஆபீசிலும் வாய் திறந்து கேளுங்கள், அங்கேயும் மாதா கூடவே வருவாள். எங்கள் எல்லோரையும் பாதுகாத்தாயே தாயே, உனக்குக் கோடி நன்றி!