ஷோனா பெட்ரியின் கில்ட் அலமாரி

பழைய நைலான் காலுறையின் பாதப் பகுதியைக் கத்தரித்து எறிந்துவிட்டு, மிச்சமிருக்கும் குழாய்க்குள் சுருட்டிய கில்ட்டை, ஸ்காட்லாந்துக்காரர்கள் இடுப்பில் சுற்றும் அந்தக் கட்டம்போட்ட மடிப்புப் பாவாடையை, நுழைத்து இழுத்துக்கொண்டிருக்கிறார் ஷோனா பெட்ரி. சாரணர் முகாமுக்கு மூட்டை கட்டும்போது இப்படிச் செய்தால்தான் பின்பக்க மடிப்புகள் கலையாமல் போய்ச் சேரும். எங்கள் ஊரில் எந்தப் பெண்ணின் காலுறையில் ஓட்டை விழுந்தாலும் அது குப்பைக்குப் போகாது, ஷோனாவின் பைக்குத்தான் வரும். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் அம்மாளின் காலுறைகள் நீளத்துக்கும் உறுதிக்கும் பெயர்போனவை. "அந்தம்மா முகாமுக்கு ஒரு தடவைகூட வந்ததில்ல. ஆனா அவங்க காலுறை போகாத மலை கிடையாது" என்பார் ஷோனா, பல்லிடுக்கில் ஊசியை வைத்துக்கொண்டே.

வாரநாட்களில் அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். கடலோரமாக வளைந்து வளைந்து போகும் பாதை, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஈரக் காலணிகளோடு ஏறும் பிள்ளைகள். முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவர் முழங்காலைப் பார்ப்பார். படி ஏறுகிற விதத்திலேயே யார் வளர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடுமாம். "தம்பி, நீ வளர்ந்துட்டே. வெள்ளிக்கிழமை என்னை வந்து பாரு" என்று பேருந்து முழுக்கக் கேட்கும்படி சொல்வார். பதின்மூன்று வயதுப் பையனுக்கு இதைவிடப் பெரிய மானக்கேடு வேண்டாம்.

வெள்ளி மாலைகளில் சாரணர் கூடம் அவருடையது. பிள்ளைகளுக்குப் பச்சைச் சட்டை, கழுத்தில் ஸ்கார்ஃப், இடுப்பில் கில்ட். பிள்ளையை மரத்தரையில் மண்டியிடச் சொல்லி, கில்ட்டின் விளிம்புக்கும் தரைக்கும் நடுவே தன் விரலை நுழைத்துப் பார்ப்பார். விரல் நுழைந்தால் சரி, இரண்டு விரல் நுழைந்தால் அடுத்த அளவு. உள்ளே கால்சட்டை போட்டிருக்கிறாயா என்று ஒவ்வொருவரையும் கேட்பார். "வெக்கப்படாதே, சொல்லு. நம்ம ஊர்க் காத்துக்கு மரியாதை தெரியாது." அவர் மட்டும் வாழ்நாளில் கில்ட் அணிந்ததில்லை. ஏனென்று கேட்டால், தன் இடுப்புக்கு இரண்டு குலத்துத் துணி வேண்டியிருக்கும் என்பார்.

குலம் என்றதும் சொல்ல வேண்டும். இங்கே ஒவ்வொரு குடும்பப் பெயருக்கும் துணியில் ஒரு கட்டம் உண்டு. சிவப்பில் பச்சைக் கோடு ஒரு வீட்டாருக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு இன்னொரு வீட்டாருக்கு. கிழவர்கள் மதுக்கடையில் இதற்காகக் குரலை உயர்த்திக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். ஷோனாவின் அலமாரியில் இந்த நியாயமெல்லாம் செல்லாது. ஊரிலிருக்கும் பரண்களையும் பெட்டிகளையும் துழாவி அவர் வாங்கிவந்த கில்ட்டுகள் அங்கே நீளவாரியாகத் தொங்குகின்றன. மீன் தொழிற்சாலையில் வேலை செய்ய லித்துவேனியாவிலிருந்து வந்தவர்களின் மகள், யாரோ ஒரு ஃப்ரேசரின் கட்டத்தில் அணிவகுப்பாள். ஃப்ரேசர் வீட்டுப் பையன் எதிரிக் குலத்தின் கட்டத்தில் அவள் பின்னால் நடப்பான். "பொருந்துறவங்க போடுறது. அவ்வளவுதான் சட்டம்."

இன்னொரு சட்டமும் உண்டு. சொந்தக் கில்ட்டில் யாரும் அணிவகுப்புக்கு வரக்கூடாது. படகில் கூலிக்குப் போகிறவரின் பையன் ஒருவன், அணிவகுப்பு என்றாலே வயிற்றுவலி என்று வீட்டிலிருந்துவிடுவானாம். மற்றவர்களுக்கெல்லாம் வீட்டிலேயே கில்ட் இருந்தது, அவனுக்குக் கால்சட்டைதான். வயிற்றுவலி எப்போதும் அணிவகுப்பு நடக்கும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவதை ஷோனா கவனித்தார். அலமாரி அப்படித்தான் தொடங்கியது. அதில் போய்த் தொங்கிய கில்ட்டுக்கு அதன்பிறகு சொந்தக்காரர் கிடையாது. பல் மருத்துவர் கின்னேர்ட், தன் மகனுக்கென்று தங்கள் குலத்துக் கட்டத்தில் புத்தம் புதிதாகத் தைத்து அனுப்பியபோது, ஷோனா அதைத் தாளில் சுற்றித் திருப்பி அனுப்பிவிட்டுப் பையனுக்கு அலமாரியிலிருந்து ஒன்றை மாட்டிவிட்டார். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு நின்றுபோயிற்று. ஊரில் வேறு பல் மருத்துவர் இல்லாததால் பல் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை.

நான் மருந்துக்கடை நடத்துகிறேன். சாரணர் குழுவுக்குச் செயலாளர் என்று பெயர்; கூடத்தின் சாவியைத் தொலைக்காமல் வைத்திருப்பதுதான் வேலை. அதனால் போன இலையுதிர்காலத்தில் நடந்ததை அருகிலிருந்து பார்த்தேன்.

ஷோனாவின் கணவர் நார்மன் இறந்து மூன்று வருடமாகிறது. எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை, இதயம் நின்றுவிட்டது. சிறுவயதில் இதே கூடத்தில் சாரணராக இருந்தவர். அப்போது அவர் அணிந்த கில்ட்டை மெல்லிய தாளில் சுற்றி, ஷோனா தன் துணி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தார். ஊரிலுள்ள பரணெல்லாம் துழாவியவர் அந்தத் தட்டை மட்டும் தொடவில்லை. எங்களுக்குத் தெரியும். யாரும் வாய் திறந்ததில்லை.

மகன் ரோரிக்கு அந்தக் கில்ட் அந்த வருடம் பொருந்தியது. நவம்பரில் போர் நினைவு ஞாயிறு வருகிறது. ஊரே சதுக்கத்தில் கூடும் அணிவகுப்பு அது. அதற்கு அதைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டான். அடுத்த வருடம் அவன் பெரியவர்கள் பிரிவுக்குப் போய்விடுவான், அதற்குள் உயரமும் எகிறிவிடும். அப்பாவின் கில்ட்டில், அப்பா நடந்த தெருவில், ஒரே ஒரு தடவை. ஷோனா சரி என்று சொல்லிவிட்டார். சமையலறையில் அவனை மண்டியிட வைத்துப் பார்த்தபோது விரல் அச்சாக நுழைந்ததாம். அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஊருக்குத்தான் உபதேசம் என்று ரொட்டிக்கடை வரிசையில் ஒரு குரல். அந்த வாரமே ஷோனாவுக்குக் கடைவாய்ப் பல் குடைந்தது. கின்னேர்ட் நிதானமாகப் பஞ்சை அடைத்து, உறிஞ்சு குழாயை மாட்டி, பதில் சொல்ல வழியில்லை என்று உறுதியானபிறகு மிகவும் அன்பாகக் கேட்டாராம். "அப்போ என் பையனும் அவனோடதைப் போட்டுக்கலாம், இல்லையா?"

ஷோனா வீங்கிய கன்னத்தோடு என் கடைக்கு வலிமாத்திரை வாங்க வந்தார். நான் எனக்குத் தெரிந்த சமாதானத்தைச் சொன்னேன். இது ஒரு தடவைதான், கணவரை இழந்த வீடு, ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்றேன்.

"சொல்லமாட்டாங்க. அதுதான் வினையே. ஒன்னும் சொல்லாம அடுத்த வருஷம் ஆளாளுக்கு வாங்கிட்டு வந்துடுவாங்க. அப்புறம் என் அலமாரியைத் திறக்கறவங்க யாரு? வாங்க முடியாதவங்க மட்டும். மறுபடி வயித்துவலி வரும்."

"ரோரிகிட்ட என்ன சொல்லுவீங்க?"

அவர் மாத்திரைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவங்கப்பா இருந்திருந்தா அவரைச் சொல்லவிட்டிருப்பேன்" என்றார்.

அன்றிரவு மகனிடம் சொல்லியிருக்கிறார். அவன் கத்தவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து பேருந்தில் கடைசி இருக்கைக்குப் போய்விட்டான். முன்பு ஓட்டுநருக்குப் பின்னாலேயே உட்காருவான். ஷோனா கண்ணாடியில் அவன் தலையுச்சியை மட்டும் பார்த்தபடி கடலோரப் பாதையில் வண்டி ஓட்டினார். எனக்கு இது கொஞ்சம் அதிகம் என்றே தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது. ஒரு சட்டத்துக்காக ஒரு பிள்ளையின் மனத்தை இவ்வளவு நோகடிக்க வேண்டுமா? ஆனால் எந்தப் பிள்ளையின் மனம், ரோரியுடையதா வயிற்றுவலிப் பையனுடையதா என்று அவர் திருப்பிக் கேட்பார்.

நினைவு ஞாயிறு காலை, மழைக்கு முந்தைய காற்று. கூடத்தைத் திறந்தபோது ஷோனா எனக்கு முன்பே வாசலில் நின்றிருந்தார், கையில் தாளில் சுற்றிய பொட்டலம். பிரித்து, நீளம் பார்த்து, மற்ற கில்ட்டுகளுக்கு நடுவே நார்மனுடையதையும் தொங்கவிட்டார். பிள்ளைகள் வந்தார்கள். கின்னேர்ட் வீட்டுப் பையனுக்கு யாரோ ஒருவரின் பச்சைக் கட்டம். ரோரி வழக்கமாகத் தான் போடும் கில்ட்டையே எடுத்தான். மண்டியிட்டான், ஷோனாவின் விரல் நுழைந்தது, எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டான். அம்மாவும் மகனும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

கடைசியாக ரூட்டா, லித்துவேனியப் பெண். கோடையில் அவள் முருங்கைக்காய் போல வளர்ந்திருந்தாள். பழைய ஃப்ரேசர் கட்டம் முழங்காலுக்கு வெகு மேலே நின்றது. அவள் நீளத்துக்கு அலமாரியில் மிஞ்சியிருந்தது ஒன்றுதான். ஷோனா அதை எடுத்துச் சுற்றிவிட்டார். நீளம் சரியாக இருந்தது. பெண்ணுக்கு விஷயம் தெரியும். அதைத் தொடவே பயந்து கைகளை மேலே தூக்கியபடி நின்றாள்.

"எனக்குக் கால்சட்டையே போதும், ஷோனா. இது ரோரியோடது."

ஜன்னலோரத்திலிருந்து ரோரி பேசினான், திரும்பாமலேயே. "அது யாரோடதும் இல்ல. அலமாரியில இருந்துச்சுன்னா அவ்வளவுதான்."

குரல் உடைந்திருந்தது. அந்த வயதில் குரல் உடையத்தான் செய்யும் என்று நாங்கள் எல்லோரும் வைத்துக்கொண்டோம்.

இடுப்பில்தான் தொளதொளத்தது. கில்ட்டின் தோல்பட்டையில் ஒரேயொரு துளை மட்டும் நீண்டு, ஓரம் கறுத்து, வாய் பிளந்திருந்தது. நார்மன் வருடக்கணக்காக மாட்டிய துளை. அதில் மாட்டினால் ரூட்டாவின் இடுப்பில் நிற்காது, கடைசித் துளையில் மாட்டினாலும் நழுவிற்று. வெளியே முரசுக்காரர்கள் வரிசைகட்டத் தொடங்கிவிட்டார்கள். ஊக்கு குத்திச் சமாளிக்கலாமே என்று நான் மெதுவாகச் சொன்னேன். ஷோனா கேட்டதாகத் தெரியவில்லை. இழுப்பறையிலிருந்து குத்தூசியை எடுத்தார். பட்டையை மேசை விளிம்பில் வைத்து, கட்டைவிரலால் அந்தப் பழைய துளையை ஒருமுறை தடவினார். அதைத் தாண்டி, எல்லாத் துளைகளையும் தாண்டி, வெறும் தோலில் ஊசிமுனையை ஊன்றி, உடம்பின் கனம் முழுவதையும் அதன்மேல் சாய்த்து அழுத்தினார்.