பால் குடிக்காத காலை

ஐப்பசி மழையில் உளுந்து முளைத்திருந்த நேரம். என் மகள் சுவரைப் பிடித்து நிற்கப் பழகியிருந்தாள். முதலில் சளியும் காய்ச்சலும்தான். புதூர் மருந்துக்கடையில் சொல்லி சிரப் வாங்கிக் கொடுத்தோம். காய்ச்சல் தணிந்தது. சாயந்தரம் சிரித்து விளையாடவும் செய்தாள்.

மறுநாள் காலையில் பால் குடிக்கவில்லை. மார்பில் வாய் வைப்பாள், மூச்சு முட்டியதும் விட்டுவிடுவாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. திருப்பூரில் வேலைக்குப் போயிருந்த என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"அக்கா பக்கத்துலதான இருக்கா? அவ சொல்லுத மாதிரி செய்யி" என்றார்.

அவருடைய அக்கா அடுத்த வீடு. பிள்ளையைப் பார்த்ததும், "சீர் தட்டியிருக்குட்டி. தீட்டு பட்டா பிள்ளைக்கு இப்பிடித்தான் இழுக்கும். பள்ளிவாசல்ல ஓதிட்டு வந்துருவோம். எம் பிள்ளைகளுக்கெல்லாம் அங்கனதான் சரியாச்சு" என்றாள்.

"ஆஸ்பத்திரிக்கே போயிருவோமா மதினி?"

"ஓதிட்டுப் போவோம். கோவில்பட்டி ஆஸ்பத்திரி எங்கனயும் ஓடிருமா?"

மழையென்றால் எங்கள் ஊருக்குள் பஸ் வராது, ஆட்டோவும் வராது. கரிசல் மண் காலை விடாமல் பிடித்துக்கொண்டது. செருப்பைக் கழற்றி ஓடையோரம் போட்டுவிட்டு நடந்தோம். நானும் மதினியும் பிள்ளையை மாற்றி மாற்றித் தூக்கினோம். குடைக்குள் அவள் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

புதூர் பள்ளிவாசல் வாசலில் ஓதுகிற பெரியவர் துண்டை விலக்கி நெஞ்சைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஓதுதேன் தாயி. ஆனா அதுக்காக இங்கன நிக்காதீய. பிள்ளைக்கு நெஞ்சு இழுக்குது. இப்பமே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

ஓதியபடியே கூட நடந்து வந்து, ஒரு ஆட்டோவை மறித்து எங்களை ஏற்றிவிட்டார். அங்கிருந்த சுகாதார நிலையத்தில் ஆக்சிஜன் வைத்து, ஆம்புலன்ஸில் கோவில்பட்டிக்கு அனுப்பினார்கள். வழியெல்லாம் என் தாலிக்கயிற்றைப் பிடித்திருந்தாள். பால் குடிக்கும்போது அப்படித்தான் பிடிப்பாள். எட்டயபுரம் தாண்டியதும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

கோவில்பட்டியில் டாக்டர் ஓடி வந்தார். நர்ஸ் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் கயிற்றிலிருந்து எடுத்தார். நிமோனியா, ரெண்டு நுரையீரலிலும் என்றார்கள். சாயந்தரம் வரை போராடினார்கள். பிறகு அந்த டாக்டர் வெளியே வந்து, பிள்ளை போய்விட்டாள் என்று சொன்னார்.

விடிந்து என் வீட்டுக்காரர் திருப்பூரிலிருந்து வந்து சேர்ந்தார். மகளுக்கென்று வாங்கி வைத்திருந்த சத்தம் போடும் பொம்மை பையில் இருந்தது. அதை யாரும் வெளியே எடுக்கவில்லை.

அடக்கம் செய்த பிறகும் எனக்குப் பால் நிற்கவில்லை. மார்பு கல்லாகிக் காய்ச்சல் வந்தது. எந்த வீட்டில் பிள்ளை அழுதாலும் ரவிக்கை நனைந்தது. பால் வற்றட்டும் என்று மதினி மல்லிகைப்பூ வாங்கி வந்து, கதவைச் சாத்திவிட்டு, மார்பில் வைத்துத் துணியால் கட்டினாள்.

"நேரே கொண்டு போயிருக்கணும்ட்டி. நாந்தான் ஓதிட்டுப் போவோம்னேன்."

"நீங்களும்தான மதினி அவளத் தூக்கிச் சுமந்தீய" என்றேன். மதினி என் மடியில் முகத்தைப் புதைத்துச் சத்தம் வராமல் அழுதாள். கட்டுக்குள் பால் கசிந்துகொண்டே இருந்தது.