இரண்டு கரைக்கும் சொந்தமில்லாத பாலம்

கேகாலைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில், வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக இருந்தேன். தோட்டங்களைக் கம்பனிகள் எடுத்துக்கொண்ட புதிது. அந்த வருட மழையில் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்கும் டவுனுக்கும் நடுவே இருந்த சின்னப் பாலத்தை ஓடை அடித்துக்கொண்டு போனது. பஸ் அக்கரையோடு நின்றுவிட்டது. கிளினிக்கும் அக்கரையில். என் அக்கா அப்போது மாசமாக இருந்தாள்.

தோட்டத்து மனேஜர் துரையிடம் போனோம். "ரோடு பிரதேச சபைக்குச் சொந்தம். கம்பனி அதுல கை வைக்கக் கூடாது" என்றார். சட்டத்துக்கு அவர் அவ்வளவு பயந்து நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. சபைக்குப் போனோம். தலைவர் தேநீர் கொடுத்து, "ஏக்க வத்து பாரக்னே" என்றார். அது தோட்டத்துப் பாதையாம். தோட்டத்துக்குள் சபை ஒரு கல்லைப் போட்டாலும் குற்றமாம்.

கெஞ்சிக் கூத்தாடி இரண்டு பேரையும் ஒரே நாளில் ஓடைக்கு வரவழைத்தோம். துரையின் ஜீப் இக்கரையில், தலைவரின் வேன் அக்கரையில்.

"எங்க எல்லை இந்தக் கரையோட முடியுது" என்றார் துரை. தலைவரும் தன் காலடியைக் காட்டி அதையேதான் சிங்களத்தில் கத்தினார். நடுவில் ஓடிய தண்ணீர் தங்களுடையதில்லை என்பதில் இருவருக்கும் நல்ல ஒற்றுமை. கையசைத்துவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, புதுக் கன்று நடுவதற்காக வெட்டிப் போட்டிருந்த இறப்பர் மரங்களை ஆண்கள் உருட்டிவந்து ஓடைக்குக் குறுக்கே போட்டார்கள். பெண்கள் கல்லும் மண்ணும் சுமந்தோம். நடக்கிற அளவுக்குப் பாலம் ஆயிற்று. மறுநாள் காலையிலேயே தோட்டத்துக் காவல்காரர் வந்தார்.

"தோட்டத்து மரத்தத் திருடிட்டீங்களாம். தொர பொலிசுக்குப் போகப் போறாரு."

நாங்கள் ஆளுக்கொரு பக்கமாக ஒதுங்கினோம். அக்கா மட்டும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்தாள்.

"மரம் தோட்டத்தோடதுன்னா பாலமும் தோட்டத்தோடதுதானேங்க? அப்ப நல்லபடியா கட்டித் தரச் சொல்லுங்க."

காவல்காரர் போய்விட்டுச் சாயந்திரம் திரும்பி வந்தார். "அந்த மரத்துக்கும் தோட்டத்துக்கும் சம்பந்தமே இல்லன்னு தொர சொல்லிட்டாரு."

சம்பந்தமில்லாத மரங்கள் இன்னும் நிறையக் கிடந்தன. அவற்றையும் உருட்டி வந்தோம்.

அக்கா அதன்மேல் நடந்துபோய்த்தான் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனேன். வலி அவளுக்கு, அழுதது நான். பெண் குழந்தை.

தேர்தல் நெருங்கியதும் ஓடை தலைவரின் எல்லைக்குள் வந்துவிட்டது. கொங்கிரீட் பாலம், ரிப்பன், அவர் பெயர் பொறித்த கல். துரையும் மாலையோடு வந்து, ஆரம்பத்திலிருந்தே இதற்காகத் தான் பட்ட பாட்டைப் பேசினார். கைதட்டினோம். தட்டி முடிந்ததும் அக்கா குழந்தையோடு எழுந்து, லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் வேண்டுமென்று சிங்களத்திலேயே கேட்டாள். அது தோட்டத்துக் காணி என்றார் தலைவர். குடிதண்ணீர் சபையின் பொறுப்பு என்றார் துரை.

அடுத்த கோடையில் மேலே மலையிலிருந்த ஊற்றுக்கு நாங்களே பைப் போட்டு லயத்துக்குத் தண்ணீரை இறக்கினோம். யாரிடமும் போய்க் கேட்கவில்லை.