நாலு விரற்கடை

ராயப்பராஜ் சம்பளம் வாங்கும் பந்துவீச்சாளராக இருந்தது மொத்தம் பத்தொன்பது நாள். களத்தில் இறங்கியது ஒரே ஆட்டம், வீசியது இரண்டே ஓவர்.

அதற்கு முன்னால் ஏழு வருடம், திண்டுக்கல் ஆத்தூர்ப் பக்கம் அறுப்பு முடிந்த வயல்களில் டென்னிஸ் பந்தில் ஆடினான். செம்பட்டிவரை அவன் பேரைக் கேட்டாலே பேட்ஸ்மேன்கள் பின்னால் இறங்குவதாகச் சொல்லி நழுவுவார்கள். அங்கெல்லாம் பேட்டிங் அணியில் அடுத்து இறங்கவேண்டியவன்தான் அம்பயர். அவன் கண் பந்தை விட்டு நகராது, வீசுகிறவன் காலை எவன் பார்த்தான்? கோடும் மட்டை முனையால் கிழித்ததுதான், மூன்றாவது ஓவரில் அழிந்துபோகும். அழிந்த கோட்டைத் தாண்டி வைத்தே ராயப்பராஜின் கால் பழகிவிட்டது.

மாநில லீக் அணி அவனை எடுத்தது. வலைப்பயிற்சியில் பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டார். காலைப் பின்னுக்கு இழுத்தால் வேகம் போனது. ஆட்டத்தில் சோபித்தால் அடுத்த வருடமும் ஒப்பந்தம், இல்லையென்றால் பழையபடி காய்கறி வேன் ஓட்டவேண்டியதுதான்.

இரண்டாவது ஓவர். நடு ஸ்டம்பு பிடுங்கிக்கொண்டு பறந்தது. சிலுவை போட்டுக்கொண்டு ஓடினான். பாதி ஓட்டத்தில் நோ பால் சைரன் அலறியது. பெரிய திரையில் அவன் கால், கோட்டுக்கு வெளியே. அடுத்த பந்து சிக்ஸர். மூன்றாவது ஓவரை அவனிடம் யாரும் கொடுக்கவில்லை.

வீட்டில் மனைவி ஐரின் டிவியைப் போனில் படம் பிடித்திருந்தாள். ஸ்டம்பு பறந்து அவன் ஓடத் தொடங்கியதோடு படம் நின்றுவிட்டது. போனில் இடம் தீர்ந்துபோச்சு என்றாள். அந்தப் பதினோரு நொடி திண்டுக்கல் முழுக்கச் சுற்றியது. கோயில் திருவிழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். வாயில் கொழுக்கட்டையை வைத்தவன்போல நின்று வாங்கிக்கொண்டான்.

நாலு வருடம் கழித்து மகள் அனிஷா போனில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “இதுக்கப்புறம் என்னாச்சுப்பா?”

வேன் சாவியைக் கீழே வைத்தான். தரையில் டைல்ஸ் கோட்டைத் தாண்டிக் குதிகாலை ஊன்றி, இடைவெளியில் நாலு விரலை வைத்துக் காட்டினான்.

“நோ பால்மா.”

“இம்புட்டுதானாப்பா?”

“இம்புட்டுதான்.”

அடுப்படியிலிருந்து ஐரின் எட்டிப் பார்த்தாள்.

“சைரன் சத்தம் கேட்டுச்சுங்க. நாந்தான் நிப்பாட்டுனேன்.”